பட்டியலில் மீன் சாவதில்லை: கடல் காப்பகங்களை மதிப்பிடும் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

கடல் காப்பகங்கள் மீன் பல்வகைமையை எந்த அளவுக்குக் காக்கின்றன என்று மதிப்பிட நீங்கள் தயாரித்திருக்கும் வரைவுப் படிவத்தை வரிவரியாகப் படித்தோம். மீன் சார்ந்த மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் ஒரே ஒரு கட்டத்துக்குப் போகிறது: "காப்பகத்தில் இதுவரை பதிவான மீன் இனங்களின் எண்ணிக்கை." மிச்சம், பதிவு செய்த வழக்குகளுக்கும் நடத்திய விழிப்புணர்வு முகாம்களுக்கும். களப்பார்வைக்கு ஒரு காப்பகத்துக்கு இரண்டு நாள். இந்தப் படிவத்தை எங்களால் ஏற்க முடியாது. எங்கள் ஆட்சேபத்தை ஆங்கிலத்தில் முறைப்படி அனுப்பினோம், பதில் வரவில்லை. மன்னார் வளைகுடாக் கரையில் இருப்பவர்களும் படிக்கட்டும் என்று இப்போது தமிழில், பொதுவில் வைக்கிறோம். மும்பையில் மீன்வளக் கணக்கெடுப்பிலும் கடலடி ஆய்விலும் வேலை பார்க்கும் தமிழர்கள் நாங்கள். பாதிப்பேர் தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்துக்காரர்கள்.

அந்தக் கட்டத்தில் "இதுவரை" என்று ஒரு சொல் இருக்கிறது. தவறு அங்கேதான் தொடங்குகிறது. இதுவரை பதிவான பட்டியல் கூடுமே ஒழிய ஒருநாளும் குறையாது. 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் 560 சதுர கிலோமீட்டரில், 1960களில் ஒருவர் பார்த்த மீனும், போன மாதம் கரைவலையில் விழுந்த ஒற்றை மீனும் பட்டியலில் ஒரே வரிதான். கடைசியாக எப்போது, எத்தனை, எந்த நீளத்தில் கண்டார்கள் என்ற விவரம் கிடையாது. வாக்காளர் பட்டியலில் இறந்தவர் பெயர் நிற்பது போல, அற்றுப்போன மீனும் அங்கே உயிரோடு இருக்கும். நாளைக்கே பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், களவா மீன் முழுக்க ஒழிந்தாலும் உங்கள் படிவத்தில் அந்தக் காப்பகத்தின் மதிப்பெண் ஒரு புள்ளிகூட இறங்காது. தோல்வியைக் காட்டவே முடியாத அளவுகோலுக்கு மதிப்பீடு என்ற பெயர் எதற்கு?

பட்டியலுக்குள்ளேயே வேறு ஓட்டைகளும் உண்டு. வகைப்பாட்டில் பெயர் மாறியது தெரியாமல் ஒரே மீன் பழைய பெயரிலும் புதிய பெயரிலும் இரண்டு முறை ஏறியிருக்கும். ஏலக்கூடத்தில் பார்த்த மீனை, அது எந்தக் கடலில் பிடிபட்டது என்று கேட்காமல், பக்கத்துக் காப்பகத்தின் கணக்கில் சேர்த்திருப்பார்கள். ஆய்வு நிலையம் அருகில் இருக்கும் இடத்தில் பட்டியல் நீளமாகவும், யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் குட்டையாகவும் இருக்கும். நீங்கள் அளப்பது எத்தனை பேர் எத்தனை முறை முங்கினார்கள் என்பதை. மீனை அல்ல.

சரி, பட்டியலைத் திருத்தி, ஒரே ஆண்டில் ஒரே உழைப்பில் இனங்களை எண்ணிவிட்டால் போதுமா? போதாது. மீன்பிடிப்பு அறவே தடுக்கப்பட்ட 124 கடல் காப்பகங்களின் தரவை ஒன்றுதிரட்டி 2009இல் வெளிவந்த ஆய்வைப் பாருங்கள். சராசரியாக உயிர்த்திரள், அதாவது பரப்பலகுக்கு மீனின் மொத்த எடை, 446 விழுக்காடு கூடியிருந்தது. எண்ணிக்கை அடர்த்தி 166 விழுக்காடு, உடல் நீளம் 28 விழுக்காடு. இனங்களின் எண்ணிக்கையோ 21 விழுக்காடுதான். பாதுகாப்புக்கு மிக வலுவாக அசைகிற முள்ளை விட்டுவிட்டு, ஏறக்குறைய அசையாத முள்ளை நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

ஏன் இப்படி என்பது கடலோரத்தில் எவருக்கும் தெரியும். மீன்பிடிப்பு ஒரு இனத்தை முதல் நாளிலேயே துடைத்துவிடாது. முதலில் பெரியது போகும், அப்புறம் நடுத்தரம், கடைசியில் பொடி மிஞ்சும். பொடி மிஞ்சியிருக்கும்வரை இனக்கணக்கு அப்படியே நிற்கும். மீனின் எடை ஏறத்தாழ நீளத்தின் மும்மடிப்படி ஏறுகிறது. 40 சென்டிமீட்டர் மீன் ஒன்று 20 சென்டிமீட்டர் மீன் எட்டுக்குச் சமம். முட்டை விஷயத்தில் இடைவெளி அதைவிடப் பெரிது: பல இனங்களில் பெரிய தாய்மீன் தன் எடைக்கு ஈடானதைவிடக் கூடுதலாகவே முட்டையிடும். களவா இனங்களில் பெரும்பாலானவை பெண்ணாக முதிர்ந்து, பெரிதான பிறகே ஆணாக மாறுகின்றன. பெரிய களவாவைத் தொடர்ந்து தூக்கிவிட்டால் பாரில் ஆண் பற்றாக்குறை வரும். இனக்கணக்கில் அது "களவா: உண்டு" என்றே இருக்கும். நீளம் எழுதாத கணக்கெடுப்பு இதை எந்தக் காலத்திலும் பிடிக்காது.

எண்ணிக்கை எப்படிப் பங்காகிறது என்பதும் முக்கியம். இரண்டு தளங்கள், தளத்துக்கு 100 மீன், 10 இனம் என்று வையுங்கள். முதல் தளத்தில் இனத்துக்குப் பத்துப் பத்து. இரண்டாவதில் ஒரே இனம் 91, மற்ற ஒன்பதும் ஒவ்வொன்று. உங்கள் படிவத்தில் இரண்டும் சமம். ஒவ்வொரு இனத்தின் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால் 1ஐ வகுத்தால் முதல் தளத்துக்கு 10 வரும், இரண்டாவதுக்கு 1.2. ஒரு துண்டுத் தாளில் முடிகிற கணக்கு இது. இனங்களின் எண்ணிக்கையோடு இதையும் பக்கத்தில் எழுதச் சொல்வதற்குப் புதுக் கருவி வேண்டாம், நிதி வேண்டாம்.

அடுத்து, படிவத்தில் அறவே இல்லாத ஒன்று: ஒப்பீட்டுத் தளம். காப்பகத்துக்குள் மட்டும் எண்ணினால் அந்த எண் நல்லதா கெட்டதா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? 2016இல் கடல் சூடேறி மன்னார் வளைகுடாவில் பவளம் வெளிறியது. உயிருள்ள பவளப் பரப்பு 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7 ஆக இறங்கியது. அதற்குப் பின் அங்கே ஒரு மீன் குறைந்தால் அது காவல் தோற்றதாலா, சூட்டாலா? வெளியே, காவல் இல்லாத பாரிலும் அதே முறையில் எண்ணியிருந்தால் மட்டுமே பிரித்துச் சொல்ல முடியும். உள்ளே 20 விழுக்காடு குறைந்து, வெளியே 60 குறைந்திருந்தால் காப்பகம் வேலை செய்திருக்கிறது என்று பொருள். உங்கள் படிவம் அதைத் தோல்வி என்று எழுதும். இதில் காலத்தாழ்வு வேறு உண்டு. பவளம் செத்தாலும் எலும்புக்கூடு சில ஆண்டுகள் நிற்கும், அதன் சந்துகளில் மீன் ஒதுங்கும். பவளத்தையே தின்னும் வண்ணத்துப்பூச்சி மீன்கள் முதலில் மறையும். கூடு பொடிந்த பிறகே மற்றவை சரியும். வெளிறிய அடுத்த ஆண்டே போய் எண்ணி "பாதிப்பு இல்லை" என்று எழுதுவது அவசரம்.

ஒப்பீட்டுத் தளத்தை எங்கே வைப்பது என்பதிலும் சறுக்குவார்கள். எல்லைக்கோட்டை ஒட்டி வைத்தால், உள்ளிருந்து வழியும் மீனும் அங்கே வரும், அதைக் குறிவைத்து எல்லையோரமே வலை போடும் வல்லங்களும் அங்கேதான் குவியும். எண் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. சில கிலோமீட்டர் தள்ளி, அதே ஆழம், அதே அடித்தரை, காற்றுக்கு அதே முகம் உள்ள இடமாக இருக்க வேண்டும். உள்ளே பவளப்பாரையும் வெளியே மணல் தரையையும் ஒப்பிட்டுக் காப்பகத்தின் மகத்துவம் பேசும் அறிக்கைகளை எத்தனையோ பார்த்துவிட்டோம். அங்கே தெரிவது பாருக்கும் மணலுக்கும் உள்ள வேறுபாடு. கல்லில் களவா இருக்கும், மணலில் கிழங்கான் இருக்கும். இதற்குச் சட்டமும் வேண்டாம், பூங்காவும் வேண்டாம்.

இனி அந்த இரண்டு நாள் களப்பார்வை. இரண்டு நாளில் என்ன செய்யலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். வழக்கமான முறை, 50 மீட்டர் நாடா விரித்து இருபுறமும் இரண்டரை மீட்டர் அகலத்தில், 250 சதுர மீட்டரில், மீனை இனமும் நீளமுமாக எழுதிக்கொண்டு போவது. இப்படி எண்ணும் ஒரு பட்டைதான் ஒரு தடம். மீன் கூட்டமாகத் திரிவதால் ஒரு தடத்தில் ஓரா மீன் கூட்டம் குறுக்கிடும், அடுத்ததில் ஒன்றுமிருக்காது. தடத்துக்குத் தடம் உயிர்த்திரளின் திட்டவிலக்கம், அதாவது ஏற்ற இறக்கத்தின் அளவு, சராசரியின் 80 விழுக்காடு வரை போவது சாதாரணம். அந்த நிலையில், உள்ளே வெளியேயைப் போல இரு மடங்கு மீன் இருக்கிறது என்பதை 80 விழுக்காடு உறுதியோடு கண்டுபிடிக்க, பக்கத்துக்குச் சுமார் 17 தடங்கள் வேண்டும். ஒன்றரை மடங்கு வேறுபாடு என்றால் பக்கத்துக்குச் சுமார் 48. அதுவும் தடங்கள் ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால்தான். ஒரே பாரில் அடுத்தடுத்து விரித்த பத்துத் தடங்கள் பத்துச் சாட்சிகள் ஆகாது. ஒரே சாட்சி பத்து முறை பேசியதாகத்தான் கொள்ள வேண்டும். இரண்டு நாளில் உள்ளே நாலு, வெளியே பூஜ்யம் என்று எடுத்துவிட்டு "வேறுபாடு காணப்படவில்லை" என்று எழுதினால், அது காப்பகத்தைப் பற்றிய முடிவல்ல, உங்கள் பயணத்திட்டத்தைப் பற்றியது.

எண்ணுபவரின் கண்ணையும் சரிபார்க்க வேண்டும். முகக்கண்ணாடிக்குள்ளிருந்து பார்க்கும்போது நீருக்குள் பொருள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். நீளத்தில் 10 விழுக்காடு பிழை எடையில் 33 விழுக்காடாக ஊதும். ஆகவே 10 முதல் 50 சென்டிமீட்டர் வரை வெட்டிய பி.வி.சி. குழாய்த் துண்டுகளைக் கடலடியில் கலைத்துப் போட்டு, ஊகித்துப் பழகி, பிழை 5 விழுக்காட்டுக்குள் வந்த பிறகே ஒருவரை எண்ண விட வேண்டும். பருவத்தின் நடுவில் மறுபடி ஒருமுறை சோதிக்க வேண்டும், கண் நழுவும். உள்ளே ஒருவரும் வெளியே இன்னொருவரும் எண்ணக் கூடாது. இருவரும் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி எண்ண வேண்டும். நீர்த்தெளிவைத் தடத்துக்குத் தடம் எழுத வேண்டும்: 3 மீட்டர்தான் தெரிகிறது என்றால் 5 மீட்டர் அகலத்துக்கு எண்ணியதாகக் காட்டுவது பொய்க்கணக்கு.

காலமும் அப்படியே. கச்சான் காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை மன்னார் பக்கம் கலங்கிக் கிடக்கும். வாடை அடிக்கும் மாதங்களில் பாக் நீரிணைப் பக்கம் கலங்கும். மகாராஷ்டிராவின் மால்வண் கடல் சரணாலயத்தில் மழைக்காலம் முழுக்க இறங்கவே முடியாது. உங்கள் அட்டவணையோ எல்லாக் காப்பகத்துக்கும் ஜூலை மாதத்தை ஒதுக்கியிருக்கிறது. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், கிழக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதையாவது பார்த்திருக்கலாம். தடைக்கால முடிவில் வெளியே எண்ணினால், இரண்டு மாத ஓய்வு கிடைத்த கடலை "காவல் இல்லாத கடல்" என்று எழுத வேண்டிவரும்.

மீன் மனிதனைக் கண்டு ஓடுவதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஈட்டி வைத்துக் குத்தும் இடத்தில் பெரிய மீன் முங்குபவரைக் கண்டதும் விலகும். காவல் உள்ள இடத்தில் பக்கத்தில் வந்து பார்க்கும். ஆகவே நேரில் எண்ணும் முறை காப்பகத்தை உள்ளதைவிட நல்லதாகக் காட்டலாம். இதைச் சரிபார்க்கத்தான் இரை கட்டிய கேமரா. ஒரு கிலோ மத்தியை நசுக்கிக் கம்பிவலைப் பையில் கட்டி, கேமராவுக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் நீட்டி, 60 நிமிடம் கிடக்க விட வேண்டும். ஒரு கேமராவுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 250 மீட்டர் இடைவெளி. வந்து வந்து போகிற மீனை எல்லாம் கூட்டக் கூடாது. கேமராக் காட்சியில் ஒரே நேரத்தில் தெரிந்த அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும் இனவாரியாக எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பாரை மீன் இருபது முறை சுற்றி வந்து இருபதாகிவிடும். இரைக்கு வராத கிளிமீன், ஓரா போன்ற பாசி மேய்கிறவை இதில் குறைவாகத் தெரியும். இரண்டு முறையும் சேர்ந்தே வேண்டும் என்பது அதனால்தான்.

இங்கே, மகாராஷ்டிராவிலேயே, இரண்டு இடங்கள் உங்கள் படிவத்தைத் திணறடிக்கும். ஒன்று, மும்பையை ஒட்டி, 2015இல் அறிவிக்கப்பட்ட தாணே கழிமுக ஃபிளமிங்கோ சரணாலயம். அந்தச் சேற்றுநீரில் நாடா விரித்து மீன் எண்ணச் சொல்வது இருட்டில் ஊசி தேடச் சொல்வது. அதற்கு மாற்றாக நீர்மாதிரியிலிருந்து மரபணு எடுக்கலாம் என்று படிவத்தின் பின்னிணைப்பு சொல்கிறது. நல்ல முறைதான். ஆனால் நகரத்தின் சாக்கடை விழுகிற கழிமுகத்தில், சமையலறையிலும் சந்தையிலும் கழுவிவிட்ட மீனின் மரபணுவும் சேர்ந்தே வரும். ஆந்திராவிலிருந்து லாரியில் வந்த ரோகுவும் கட்லாவும் தாணே கழிமுகத்தின் "பல்வகைமை"யில் ஏறிக்கொள்ளும். வடிகால் வாயிலும் தனி மாதிரி எடுத்துக் கழிக்க வேண்டும், வடிகட்டும் கருவியில் வெற்று நீரையும் ஓடவிட்டுச் சோதிக்க வேண்டும், ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது மூன்று மாதிரி வேண்டும், ஏற்றத்திலும் வற்றத்திலும் தனித்தனியாக. இவ்வளவு செய்தாலும் மரபணு நீளம் சொல்லாது. எட்டுச் சென்டிமீட்டர் குஞ்சுக்கும் முதிர்ந்த மீனுக்கும் அதில் வித்தியாசம் இல்லை. அங்கே உண்மையில் உதவக்கூடியது கோளி மீனவர்களின் டோல் வலை. நிலையாகக் கட்டுகிற வலை அது. எத்தனை மணி நேரம் நீரில் கிடந்தது, அமாவாசை பௌர்ணமிக்கு எத்தனை நாள் தள்ளி, வலைக்கண் எவ்வளவு என்று குறித்துக்கொண்டால் நம்பகமான மாதிரி கையில் இருக்கும்.

மற்றொன்று மால்வண். 1987இல் அறிவிக்கப்பட்டது, 29.12 சதுர கிலோமீட்டர். அதில் மையப்பகுதி 3.18 மட்டும். சுற்றுலாப் படகு ரொட்டித்துண்டு போடும் இடத்தில் இறங்கி எண்ணினால் கோடுபோட்ட சின்ன மீன்கள் நூறு நூறாக மொய்க்கும், அறிக்கை ஜொலிக்கும். மீனுக்குத் தீனி போடும் இடங்களைத் தளப்பட்டியலிலிருந்து நீக்குங்கள், அல்லது தனியாகக் காட்டுங்கள். அதோடு, எதிர்பார்ப்பையும் அளந்து வையுங்கள். உலகெங்கும் 87 காப்பகங்களை ஒரே முறையில் எண்ணி 2014இல் வெளியான ஆய்வு ஐந்து தன்மைகளைத் தேடியது: மீன்பிடிப்பு அறவே இல்லை, காவல் உண்மையாக நடக்கிறது, பத்தாண்டுக்கு மேல் வயது, 100 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு, ஆழ்நீரோ மணலோ சூழ்ந்த தனிமை. இவற்றில் ஒன்றோ இரண்டோ மட்டும் இருந்த 59 விழுக்காடு காப்பகங்களை, மீன்பிடிக்கும் சாதாரணக் கடலிலிருந்து பிரித்தறியவே முடியவில்லை. மால்வணுக்கு வயது இருக்கிறது, பரப்பு இல்லை. மன்னாருக்கு இரண்டும் இருக்கிறது. கரைக்கு அருகிலேயே தீவுகள் கிடப்பதால் தனிமை இல்லை. மற்ற இரண்டும், காவலும் முழுத்தடையும், உங்கள் படிவத்தில் கேள்வியாகக்கூட இல்லை.

அதற்குப் பதில் வழக்கு எண்ணிக்கை இருக்கிறது. வழக்கு கூடினால் காவல் நன்றாக நடக்கிறதா, திருட்டு கூடியிருக்கிறதா? ரோந்துப் படகு டீசல் இல்லாமல் மூன்று மாதம் கட்டிக் கிடந்தால் வழக்கு பூஜ்யம்தான். ரோந்து மணிக்கு இத்தனை வழக்கு என்று எழுதினால்தான் எண்ணுக்கு அர்த்தம் வரும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வழக்கில் சிக்குவது பெரும்பாலும் யார்? தீவோரம் நண்டுவலை போட்ட வல்லமும் பாசி எடுக்கப் போன பெண்களும். பார்மேல் மடி வலை இழுத்துவிட்டுப் போன விசைப்படகும் ஒரு வழக்கு, இவர்களும் ஒரு வழக்கு. அடித்தரைக்கு இரண்டும் ஒன்றா?

கரையோர மீனவர்களைப் படிவம் "பயனாளிகள்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டது. எந்தப் பார் எங்கே, அதன் பெயர் என்ன, எந்த மாதம் விளமீன் ஏறும், எந்த ஆண்டு முதல் ஏறவில்லை என்பதைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். ஏலக்கூடத்துக் கணக்கில் மீன் எந்த மாவட்டத்தில் இறங்கியது என்று இருக்கும். எந்தப் பாரில் பிடிபட்டது என்று இருக்காது. அந்த ஒரு கேள்வியைச் சேர்த்தாலே உள்ளே வெளியே என்று பிரித்துப் பார்க்க வழி பிறக்கும். பிடிபட்ட இடத்தைச் சொன்னதற்காக வழக்குப் போட மாட்டோம் என்ற எழுத்துமூல உறுதி இல்லாமல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நியாயம்தானே.

எங்கள் கோரிக்கைகள் இவை.

"இதுவரை பதிவான இனங்கள்" என்ற கட்டத்தை மதிப்பெண்ணிலிருந்து எடுத்துவிடுங்கள். பட்டியலைப் பின்னிணைப்பாக வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு இனத்துக்கும் கடைசியாகக் கண்ட ஆண்டையும் சான்றையும் சேர்த்து. மதிப்பெண், பரப்பலகுக்கு உயிர்த்திரள், பெரிய மீன்களின் பங்கு, சம உழைப்பில் கண்ட இனங்கள், பங்கீட்டைக் காட்டும் எண் ஆகிய நான்குக்கும் போகட்டும்.

ஒவ்வொரு காப்பகத்துக்கும் பொருத்தமான ஒப்பீட்டுத் தளங்களைத் தேர்ந்து, அவற்றின் ஆழம், அடித்தரை, எல்லையிலிருந்து தூரம் ஆகியவற்றைக் கணக்கெடுப்பு தொடங்குமுன் வெளியிடுங்கள். முடிவைப் பார்த்துவிட்டுத் தளத்தை மாற்ற வழி இருக்கக் கூடாது.

ஜூலை அட்டவணையை ரத்துசெய்யுங்கள். மன்னாருக்கும் மால்வணுக்கும் ஜனவரி முதல் மார்ச் வரை, ஆண்டுதோறும் அதே வாரங்களில், குறைந்தது ஐந்தாண்டு. நிதி போதாதென்றால் காப்பகங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், தடங்களின் எண்ணிக்கையை அல்ல.

வழக்கு எண்ணிக்கைக்குப் பதில் ரோந்து மணி, ரோந்து போன தடம், மணிக்கு வழக்கு, வலை வகை ஆகியவற்றைக் கேளுங்கள்.

கழிமுகக் காப்பகங்களுக்குத் தனிப் படிவம் தயாரியுங்கள். அதைத் தயாரிக்கும் குழுவில் டோல் வலை கட்டுகிறவர்கள் இருவராவது இருக்கட்டும். மன்னார் குழுவில் வேம்பார், கீழக்கரை, மண்டபம் பக்கத்து நாட்டுப்படகு மீனவர்களும் பாசி எடுக்கும் பெண்களும் இருக்க வேண்டும், வழக்கில்லை என்ற எழுத்துமூல உறுதியோடும் ஒரு நாள் வருமானத்துக்கு ஈடான படியோடும்.

கடைசியாக, தடவாரியான மூலத்தரவை, எண்ணியவரின் குறியீடு, நீர்த்தெளிவு, நேரம் உட்பட, எடுத்த ஆறு மாதத்துக்குள் பொதுவில் வையுங்கள். படிவத்தை இறுதி செய்யுமுன் இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும். எந்தக் கோரிக்கையை ஏற்கவில்லையோ, அதற்கான காரணத்தோடு.

இப்படிக்கு,
மீன்வளக் கணக்கெடுப்பிலும் கடலடி ஆய்விலும் பணியாற்றும் தமிழர்கள்,
மும்பை